முப்பத்தெட்டாவது கதிரை

பரந்தனில் யாராவது செத்துப்போனால் அது முதலில் கடவுளுக்குத் தெரியவரும், இரண்டாவதாக முத்துலிங்கத்துக்கு. வீட்டுக்காரருக்கே அதற்குப் பிறகுதான் தெரியும் என்று ஊரில் ஒரு பகிடி. கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற கதைதான், ஆனால் முழுப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. முத்துலிங்கத்திடம் பழைய ஓட்டோ ஒன்று உண்டு. அதன் தலையில் முன்பக்கம் ஒன்றும் பின்பக்கம் ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். மரண அறிவித்தல், கோயில் திருவிழா, வாய்க்காலில் தண்ணீர் திறக்கிற நாள், கயிறு அறுத்துக்கொண்டு போன எருமை, எல்லாம் அந்தக் குழாய்களால்தான் ஊருக்குள் இறங்கும். முப்பது வருடமாக இதே தொழில். ஒரு செய்தியை ஒரு தடவை சொன்னால் அவருக்கு வாய் ஆறாது. "மீண்டும் அறியத்தருகிறோம்" என்று இரண்டாம் தடவையும் சொன்னால்தான் மனிசனுக்கு மூச்சு வரும்.

வீட்டிலும் அதே கதைதான். "திருமதி கமலாசனி முத்துலிங்கம் அவர்களுக்கு அறியத்தருவது, தேத்தண்ணி இன்னும் வந்து சேரவில்லை" என்று விறாந்தையில் இருந்து குரல் கொடுப்பார். "முதல்ல அந்த மைக்கை நிப்பாட்டுங்கோ, பேந்து தேத்தண்ணி வரும்" என்று குசினிக்குள் இருந்து மனைவி பதில் சொல்லுவா. மைக் கையில் இல்லாத நேரத்திலும் அவா இப்படித்தான் சொல்லுவா.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு மகள், யதுர்ஷிகா. காலியில் வங்கி ஒன்றில் வேலை. அங்கே கூட வேலை செய்கிற விஜிதரன் என்ற பெடியனை விரும்பிவிட்டாள். பெடியன் தமிழ்தான், ஆனால் வேதக்காரக் குடும்பம். கமலாசனி ஒரு கிழமை சாப்பிடாமல் கிடந்து பார்த்தா. அந்த ஒரு கிழமையும் முத்துலிங்கம் தானே சமைத்தார். எட்டாம் நாள் அந்தச் சமையலுக்குப் பயந்து அவாவே எழும்பி, சரி, நடக்கட்டும் என்றுவிட்டா. காலிக் கோட்டைக்குள் ஒரு பழைய தேவாலயத்தில் கல்யாணம், ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை. பிறகு ஒரு நல்ல நாளில் பரந்தன் பிள்ளையார் கோயிலில் தாலிகட்டு. எல்லாம் பேசி முடிந்தது.

அதற்குப் பிறகுதான் வந்தது அந்தக் கடுதாசி. மாப்பிள்ளையின் தாய் ராஜினி, ஓய்வுபெற்ற ஆசிரியை. முப்பத்தைந்து வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை சும்மா இருக்குமா? "விருந்தினர்களுக்கான தகவல்கள்" என்று தலைப்புப் போட்டு, கீழே கோடும் அடித்து, பதினான்கு இலக்கங்கள் எழுதி, போனுக்கு அனுப்பியிருந்தா. ஆராதனை காலை பத்து மணிக்கு. ஒன்பது ஐம்பத்தைந்துக்குத் தேவாலயக் கதவு மூடப்படும். பெரிய பஸ் கோட்டைக்குள் வராது. வெளியே இறங்கிப் பத்து நிமிடம் நடக்க வேண்டும். செருப்பைக் கழற்றத் தேவையில்லை. தயவுசெய்து வாசலில் விட வேண்டாம். இப்படியே போகும்.

முத்துலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். வாசிக்க வாசிக்க முகம் மலர்ந்துவிட்டது.

"பாரப்பா, இதெல்லோ அறிவித்தல்! ஒரு சொல்லு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. என்ன, மீண்டும் அறியத்தருகிறோம் எண்டதை மட்டும் விட்டிட்டா."

பதினோராம் இலக்கத்துக்கு வந்ததும் மலர்ந்த முகம் சுருங்கியது. தேவாலயத்துக்கு அருகில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் மத்தியானச் சாப்பாடு. இடம் சின்னது. பொம்பிளை வீட்டாருக்கு முப்பத்தெட்டுக் கதிரைகள். ஒவ்வொரு கதிரைக்கும் முன்னால் இருக்கிறவரின் பெயர் எழுதி வைக்கப்படும். வருவது யார் யார் என்று முழுப்பெயருடன் ஓகஸ்ட் பத்தாம் திகதிக்குள் அறிவிக்கவும்.

இதைப் படித்தால் மற்ற ஊர்க்காரருக்கு ஒன்றும் தோன்றாது. போனை எடுத்து, வாறியளோ இல்லையோ என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் ஊரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. வீடு தேடிப் போய், கார்ட்டை இரண்டு கையாலும் கொடுத்து, "கட்டாயம் வரோணும்" என்று சொல்லிவிட்டு வந்தால் அதோடு வாயை மூட வேண்டும். பிறகு போய் "வாறியளோ?" என்று கேட்டால், நீ வராமல் விட்டால் நல்லது என்று சொல்லுகிற மாதிரி. மூன்று தலைமுறைக்கும் கோபம் நிற்கும். போகட்டும், அவர்களாவது உண்மையைச் சொல்லுவார்களா? அதுவும் இல்லை. வரவே மாட்டேன் என்று முடிவெடுத்தவர்தான் "ஓமோம், கட்டாயம் வாறம், நாங்கள் வராமலோ?" என்று மற்றவரை விடச் சத்தமாகச் சொல்லுவார்.

"அப்பா, கணக்குப் பிழைச்சால் எனக்குத்தான் வெக்கம்," என்றாள் மகள் போனில். "மாமி ஒவ்வொரு பேரும் தன்ர கையால எழுதப்போறா. ஒரு கதிரை வெறுமையாக் கிடந்தாலும் எல்லாருக்கும் தெரியும். ஒராள் கூடுதலா வந்தால் நிக்கத்தான் வேணும். இன்னொண்டு, நீங்கள் ஓட்டோவில போய்ச் சொல்லக்கூடாது."

"ஏன் பிள்ளை? ஒரு சுத்துத்தானே..."

"அப்பா!"

"சரி, சரி."

பிறகு கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "பெரியப்பா வருவாரோ?"

முத்துலிங்கம் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

பெரியப்பா என்றால் முத்துலிங்கத்தின் கூடப்பிறந்த அண்ணன் நடராசா. வாய்க்கால் கதவு திறந்து மூடுகிற வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். காலை ஆறு மணிக்குத் திறப்பு என்றால் ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு ஊரே தீப்பிடித்தாலும் கதவு அசையாது. அப்படி ஒரு பிறவி. அவருடைய வீடு அடுத்த ஒழுங்கையில்தான். பதினொரு வருடமாக அண்ணனும் தம்பியும் பேசுவதில்லை.

காணியா, காசா என்று கேட்பீர்கள். அதெல்லாம் இல்லை. பதினொரு வருடத்துக்கு முன்னர் நடராசாவைப் புடையன் பாம்பு கடித்து யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மூன்றாம் நாள் பஸ்ஸில் வந்த ஒருவன், நடராசண்ணை செத்துப்போனார் என்று சந்தியில் சொன்னான். அதை விசாரிக்க வேண்டுமா, இல்லையா? முத்துலிங்கம் விசாரிக்கவில்லை. ஊரில் எந்தச் சாவையும் தானே முதலில் சொல்லிப் பழகியவர், சொந்த அண்ணனின் சாவை இன்னொருவன் சொல்லக் கேட்பதா? அழுதுகொண்டே ஓட்டோவில் ஏறினார். "பரந்தனைச் சேர்ந்த திரு மயில்வாகனம் நடராசா அவர்கள், வயது அறுபத்திரண்டு..." என்று நாலு மணித்தியாலம் எல்லா ஒழுங்கையாலும் சொன்னார். அந்த நாளைப் போல உருக்கமாக அவர் என்றைக்கும் சொன்னதில்லை என்று இன்றைக்கும் சனம் பாராட்டும்.

அடுத்த நாள் பின்னேரம் காலில் கட்டுடன் வாடகை வான் ஒன்றில் வந்து இறங்கினார் நடராசா. வீட்டு வாசலில் வாழை கட்டியிருக்கிறது. முற்றத்தில் பந்தல். கூரைக்குக் கீழே சனம். முள்ளியவளையில் இருந்து வந்திருந்த ஒரு மாமி அவரைக் கண்ணாலே கண்டும், தொடங்கிய ஒப்பாரியை நடுவில் விட மனமில்லாமல் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தா. யாரோ ஒரு பெடியன் வந்தவர் யாரென்று தெரியாமல் தேத்தண்ணியை நீட்டிவிட்டான். "என்ர செத்த வீட்டில எனக்கே தேத்தண்ணி தந்தவங்கள்" என்று நடராசா பிறகு ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்.

அதையும் அவர் பொறுத்துக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "செத்தது எண்டு ஊரெல்லாம் சொன்னவன், நான் இருக்கிறன் எண்டும் அதே வாயால ஊரெல்லாம் சொல்லட்டும்." நியாயமான கேள்விதானே? ஆனால் முத்துலிங்கம் சொல்லவில்லை. "ஆள் நேரில நடந்து திரியிறார், அதுக்கேன் அறிவித்தல்?" என்று வெளியில் வீறாப்புப் பேசினார். முப்பது வருடத்தில் ஒரு அறிவித்தலையும் அவர் மாற்றிச் சொன்னதில்லை என்பது ஊர் அறிந்தது. ஊர் அறியாதது வேறு. நாலைந்து தடவை ஓட்டோவை எடுத்துக்கொண்டு போய் மைக்கைப் போட்டிருக்கிறார். "அன்பார்ந்த பொதுமக்களே" என்றதும் அந்த நாள் அழுதது நினைவுக்கு வந்து, வெட்கம் தொண்டையைப் பிடித்துவிடும். அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். நாள் மாதமாகி, மாதம் வருடமாகி, பிறகு சொல்லுகிற கட்டமே தாண்டிப் போய்விட்டது.

இப்போது கார்ட்டும், ராஜினியின் பதினான்கு இலக்கமும் படியெடுத்த தாளும் கையுமாக, கமலாசனி பின்னால் தள்ள, அண்ணன் வீட்டுப் படலையைத் திறந்தார். நடராசா கார்ட்டை வாங்கினார். பதினான்கு இலக்கத்தையும் நின்ற நிலையிலேயே வாசித்தார். இரண்டாம் தடவையும் வாசித்தார். மடித்து ரீவிக்கு மேல் வைத்தார்.

"பாப்பம்," என்றார், சுவரைப் பார்த்து.

வெளியே வந்ததும் கமலாசனி சொன்னா, "பாப்பம் எண்டால் வரமாட்டார் எண்டுதான் அர்த்தம்."

"வரமாட்டன் எண்டு முடிவெடுத்தவன்தான் கட்டாயம் வாறன் எண்டுவான். இது பாப்பம். இது வேற," என்றார் முத்துலிங்கம். சொன்னாரே தவிர அவருக்கும் நம்பிக்கை இல்லை.

சரி, கேட்கவும் கூடாது, சொல்லுவதை நம்பவும் கூடாது என்றால் ஆளைக் கணக்கெடுப்பது எப்படி? முத்துலிங்கம் மூளைசாலி. பரந்தனில் இருந்து காலி போய்வர இரண்டு நாள் வேண்டும். எங்கள் பக்கத்தில் மாடு இல்லாத வீடு குறைவு. இரண்டு நாள் வீட்டை விட்டுப் போகிறவன் மாட்டை யாரிடமாவது ஒப்படைக்காமல் போகமாட்டான். ஆகவே அவர் மனிதரை விட்டுவிட்டு மாட்டை விசாரிக்கத் தொடங்கினார். மாலை ஆனதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஒழுங்கையாகப் போவார். யார் வீட்டுப் பசுவை யார் புதிதாகத் தடவிப் பழகுகிறார், யார் வைக்கோலை முன்கூட்டியே இழுத்து அவிழ்த்து வைக்கிறார், யார் வீட்டுக் கோழிக்குப் பக்கத்து வீட்டுக்காரி வந்து அரிசி போட்டுப் பார்க்கிறாள் என்று கவனித்துக் கொப்பியில் குறித்தார். மாடில்லாத ஐந்தாறு வீட்டைத் தையல்காரியிடம் விசாரித்தார். ஒட்டுசுட்டானில் இருக்கிற ஒரு மச்சானுக்கு மட்டும் மாடும் இல்லை, மனைவி புதுச் சட்டையும் தைக்கவில்லை. ஆனால் வயலில் ஆனை இறங்காமல் இரவில் காவல் இருக்கும் தன் முறையை வேறொருவரிடம் மாற்றிவிட்டார் என்று செய்தி வந்தது. முத்துலிங்கம் துள்ளிக் குதிக்காத குறை. மச்சான் வருகிறார்!

ஏழு நாளில் முப்பத்தேழு பேர் தேறினார்கள், அவரும் மனைவியும் சேர்த்து.

அடுத்த இடி, முழுப்பெயர். சொன்னால் சிரிப்பீர்கள், வாழ்நாள் முழுக்கப் பழகிய சனத்தின் பெயர் மனிதருக்குத் தெரியவில்லை. ரக்டர் அண்ணைக்கு ரக்டர் அண்ணை என்றுதான் பெயர்; வயல் உழுத அந்த ரக்டரை விற்று இருபது வருடமாகிறது. அவர் மனைவியிடம் கேட்டால் அவா புருசனின் பெயரை வாயால் சொல்ல மாட்டா. புளியடி மாமி, சங்கக்கடைச் சித்தப்பா, நெட்டைச் சின்னையா. யாரிடமாவது போய் "உங்கட பேர் என்ன?" என்று இந்த வயதில் கேட்கலாமா? முத்துலிங்கம் பெருமூச்சு விட்டார். வாயில் வந்ததையே எழுதினார்.

மிஞ்சியது முப்பத்தெட்டாவது கதிரை.

நடராசாவிடம் ஒரு செவலைப் பசு. வலு பொல்லாதது. நடராசாவைத் தவிர யார் மடியில் கை வைத்தாலும் உதைக்கும். அவருடைய மனைவியையே இரண்டு தடவை வாளியோடு சேர்த்துக் கவிழ்த்தது. அண்ணை காலிக்கு வருவதென்றால் அந்தப் பசுவுக்கு ஒரு வழி செய்ய வேண்டும். முத்துலிங்கம் தினமும் பின்னேரம் நாலரைக்கு அண்ணன் வீட்டு வேலிக்கு அப்பால் சைக்கிளை மெதுவாக மிதித்துக்கொண்டு போவார். தினமும் அதே காட்சி. நீலக் கட்டம் போட்ட சாரம், தலையைச் சுற்றி மஞ்சள் துவாய், பசுவுக்குக் கீழே குந்தியிருந்து பால் கறக்கிற முதுகு. வேறு ஒரு ஆள் அந்தப் பசுவுக்குப் பக்கத்தில் வந்த அடையாளமே இல்லை. எட்டாம் திகதியும் அப்படி. ஒன்பதாம் திகதியும் அப்படி.

பத்தாம் திகதி காலை கமலாசனி எதிரில் வந்து இருந்தா.

"இஞ்சருங்கோ, முப்பத்தேழு எண்டு குடுத்திட்டு விடுங்கோ. அவர் வரமாட்டார். பேரைக் குடுத்து, கதிரை வெறுமையாக் கிடந்தால் பிள்ளைக்கெல்லோ குறை?"

"குடுக்காமல் விட்டு, அவர் வந்து நிண்டால்?"

"மாட்டை விட்டிட்டு எப்பிடி வருவார்?"

முத்துலிங்கம் கொப்பியை விரித்து வைத்தார். பெயர் எழுதி அவர் வராவிட்டால் மகளுக்கு ஒரு நாள் வெட்கம். எழுதாமல் அவர் வந்துவிட்டால், தம்பியின் வீட்டுக் கல்யாணத்தில் அண்ணனுக்கு இருக்க இடமில்லை. ஒரு தடவை ஆளைச் சாகடித்தது போதாதென்று இன்னொரு தடவையும் கணக்கில் இருந்து எடுப்பதா? முத்துலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பேனையை எடுத்து, முப்பத்தெட்டு என்று இலக்கம் போட்டு, எழுதினார்: மயில்வாகனம் நடராசா. தங்கள் இருவரின் பெயரை விட்டால், பட்டியலில் அவருக்குத் தடக்காமல் வந்த முழுப்பெயர் அது ஒன்றுதான். நாலு மணித்தியாலம் சொன்ன பெயர் அல்லவா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் புறப்பட்டது. முத்துலிங்கம் கொப்பியை வைத்து ஆளை ஏற்றினார். மாட்டுக் கணக்கு ஒன்றும் பிழைக்கவில்லை. அவரைத் தவிர்த்து முப்பத்தாறு தலையும் வந்து ஏறியது, ஆனைக் காவல் மச்சான் உட்பட. "கட்டாயம் வாறம்" என்று சத்தம் போட்ட ஒருவரும் வரவில்லை. அண்ணன் வீட்டைத் தாண்டும்போது சாரதியிடம் கொஞ்சம் மெதுவாக ஓட்டச் சொன்னார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். நீலச் சாரம், மஞ்சள் துவாய், குந்தியிருக்கிற முதுகு. பஸ் போகிற சத்தத்துக்கு அந்த முதுகு திரும்பக்கூட இல்லை.

"சரி, போவம்," என்றார். அதற்குப் பிறகு அநுராதபுரம் தாண்டும்வரை ஒரு அறிவித்தலும் அவர் வாயில் இருந்து வரவில்லை.

சனிக்கிழமை காலை காலிக் கோட்டை மதிலுக்கு வெளியே பஸ் நின்றது. குளித்து உடுத்து, ஒரு வாசலால் எல்லாரும் வரிசையாக உள்ளே நடந்தார்கள். "மதில் என்ன மொத்தம்! இதுக்குள்ள ஆனை வராது," என்றார் ஆனைக் காவல் மச்சான், ஒரு தரம் தட்டியும் பார்த்து. ஒன்பது நாற்பதுக்கே தேவாலய வாசலில் நின்றார்கள். வாசலில் முத்துலிங்கம் ஐந்தாம் இலக்கத்தை நினைவுபடுத்தினார். "செருப்போட போகலாம். மீண்டும் அறியத்தருகிறோம், செருப்போடயே போகலாம்." புளியடி மாமி அவரை ஏற இறங்கப் பார்த்தா. "சாமி இருக்கிற இடத்துக்குச் செருப்போடயோ? உனக்கு விசரே?" என்றுவிட்டுக் கழற்றி எறிந்தா. அவ்வளவுதான். எழுபது செருப்புக்கு மேல் வாசலில் குவிந்தது. ஒரு வெள்ளைக்காரி நின்று படம் எடுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. வெள்ளைச் சீலையில் வந்த மகளைக் கையில் பிடித்துக்கொண்டு முத்துலிங்கம் நடந்தார். மற்றவர்கள் எழும்பும்போது எங்கள் சனமும் எழும்பியது, ஒரு மூச்சுப் பிந்தி. ஆனால் மனிதரின் கண் மட்டும் இடதுபக்க வாங்குகளை எண்ணிக்கொண்டே இருந்தது. எத்தனை தடவை எண்ணினாலும் ஒரு ஆள் குறைந்தது.

முடிந்து வெளியே வந்தபோது கமலாசனி ஒன்றைக் கவனித்தா. குவியலாக விட்டுவிட்டுப் போன செருப்புகள் எல்லாம் சோடி சோடியாக, சுவரோரம் ஒரே நேர்கோட்டில் அடுக்கியிருந்தன.

"ஆரோ அடுக்கி வைச்சிருக்கினம், பாருங்கோ."

"சேர்ச் ஆக்களாயிருக்கும்," என்றார் முத்துலிங்கம். அவருக்கு மனம் அங்கே இல்லை.

சாப்பாட்டு முற்றத்தில் நல்ல நிழல். வெள்ளை விரிப்புப் போட்ட மேசைகள். ராஜினி ஒவ்வொரு பெயரையும் முத்து முத்தாக எழுதி வைத்திருந்தா. "திரு. ரக்டர் அண்ணை." "திருமதி புளியடி மாமி." "திரு. நெட்டைச் சின்னையா." அனுப்பியது போலவே எழுதி, மரியாதைக்கு முன்னால் திருவும் சேர்த்துவிட்டா. எங்கள் சனத்துக்குத் தலைகால் புரியாத சந்தோசம். ரக்டர் அண்ணை தன்னுடைய பெயர்த்தாளை மடித்துச் சேர்ட் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டார். கமலாசனிக்கும் ரக்டர் அண்ணைக்கும் நடுவில் ஒரு கதிரை மட்டும் வெறுமையாக இருந்தது. திரு. மயில்வாகனம் நடராசா.

ராஜினி பக்கத்தில் வந்து மெல்லமாகக் கேட்டா. "சம்பந்தி, இவர் வரேல்லைப் போல. கதிரையை எடுத்துவிடட்டுமா? இடைவெளி தெரியாது."

"வேண்டாம், சம்பந்தி. இருக்கட்டும்."

திரும்பப் போனவா, ஏதோ நினைத்துக்கொண்டு மறுபடி வந்தா. "வெளியில ஒரு பெரியவர் குடையோட நிக்கிறார். உள்ள வரச்சொல்லி நான் கூப்பிட்டன். பதினோராம் இலக்கத்தின்படி தான் வரக்கூடாதாம். யார் எண்டு தெரியுமா?"

முத்துலிங்கம் எழும்பிய வேகத்தில் கதிரை பின்னால் விழுந்தது.

எதிர்ப்பக்க மர நிழலில் வெள்ளை வேட்டியும், கக்கத்தில் பையும், குடையுமாக நின்றவர் நடராசாவேதான். பேய் பிசாசில்லை. முத்துலிங்கத்தின் வாயில் முதலில் வந்தது பசுதான்.

"நேற்றுப் பின்னேரம் நீங்கள் பால் கறந்ததை நான் பஸ்ஸுக்குள்ள இருந்து கண்டனான்!"

"அது பக்கத்து வீட்டுச் சுதாகரன். என்ர சாரத்தையும் துவாயையும் கட்டினால்தான் அது கிட்ட விடும். மூண்டு கிழமையாப் பழக்கினது. நீ சைக்கிள்ல போய்ப் போய்ப் பாத்ததும் அவனைத்தான்." நடராசா பதினொரு வருடத்துக்குப் பிறகு பேசினாலும் நேற்று விட்ட இடத்தில் தொடங்குகிற மாதிரித்தான் பேசினார். "நான் நேற்றுக் காலமை ஸ்டேசனுக்குப் போய்க் கோச்சியில வெளிக்கிட்டனான். இந்தக் கோட்டைக்குள்ள ஒழுங்கையெல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு. சேர்ச்சுக்கு வர ஒன்பது ஐம்பத்தெட்டு. கதவு பூட்டியாச்சு."

"தட்டியிருக்கலாமே, அண்ணை!"

"ஐம்பத்தஞ்சு எண்டால் ஐம்பத்தஞ்சு. நான் எத்தினை பேருக்குத் தண்ணிக் கதவைத் திறக்காமல் விட்டவன்? சும்மா நிக்கேலாமல் உங்கட செருப்பை அடுக்கினன். பிள்ளை வெளிய வரேக்க மரத்தடியில நிண்டு பாத்தன். வடிவா இருந்தவள். ரெண்டு மணிக்குக் கோச்சி. நான் போறன்."

"உள்ள வாங்கோ."

"பத்தாந் தேதிக்குள்ள பேர் குடுக்கோணும். நான் குடுக்கேல்லை."

"உங்கட பேர் குடுத்திருக்கு. கதிரையும் கிடக்கு."

நடராசா திரும்பிப் பார்த்தார். "ஆர் குடுத்தது?"

"நான்."

"என்னைக் கேக்காமலோ?"

"கேக்காமல்தான்."

"என்னைக் கேக்காமல் என்ர பேரைச் சொல்லுறதே உனக்குத் தொழில்," என்றார் நடராசா. ஆனால் குடையை மடக்கினார்.

உள்ளே வந்து, பெயரை ஒரு தடவை வாசித்து, எழுத்துப் பிழை இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டுத்தான் இருந்தார். யதுர்ஷிகா கல்யாணச் சீலையோடு ஓடிவந்து காலில் விழுந்தாள். விருந்து தொடர்ந்தது. பதினான்காம் இலக்கம் வந்தது: பொம்பிளையின் தகப்பன் இரண்டு நிமிடம் பேசுவார்.

மகளே எழுதித் திருத்திக் கொடுத்த பேச்சு அவர் பொக்கற்றுக்குள் இருந்தது. மைக்கைக் கையில் எடுத்தார். ராஜினி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டா. முத்துலிங்கம் தாளை எடுக்கவில்லை. அண்ணனைப் பார்த்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே," என்றார்.

நாலைந்து தடவை ஓட்டோவைத் திருப்பிக்கொண்டு வந்த இடம் இதுதான். இந்தத் தடவை அவர் நிறுத்தவில்லை.

"பரந்தனைச் சேர்ந்த திரு மயில்வாகனம் நடராசா அவர்கள் காலமானார் எண்டு பதினொரு வருசத்துக்கு முதல் நான் அறிவித்தது பிழை. அவர் உயிரோட இருக்கிறார். என்ர பிள்ளையின்ர கலியாணத்தில, முப்பத்தெட்டாவது கதிரையில இருக்கிறார். அவரிட்ட நான் மன்னிப்புக் கேக்கிறன்." கண்ணைத் துடைத்தார். "மீண்டும் அறியத்தருகிறோம். என்ர அண்ணை உயிரோட இருக்கிறார்."

காலிச் சனத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வன்னியில் கல்யாணத்துக்கு இப்படித்தான் வாழ்த்துவார்களாக்கும் என்று நினைத்து எழும்பி நின்று கைதட்டினார்கள். எங்கள் பக்கத்தில் புளியடி மாமி விம்மி விம்மி அழுதா. நடராசா கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, முற்றம் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"வயசையும் ரெண்டு கூட்டித்தான் சொன்னவன்! அப்ப எனக்கு அறுபது."

"திருத்தம்," என்றார் முத்துலிங்கம் மைக்கில். "வயது அறுபது."

திரும்பி வருகிற பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் இருந்தார்கள். சாலியபுரம் தாண்டும்போது நடராசா சொன்னார், "இண்டைக்குச் சொன்னது காலிக்காரருக்கு. நான் செத்தது பரந்தனில."

திங்கட்கிழமை காலை ஆறு மணி. நடராசா ஐந்து ஐம்பத்தைந்துக்கே வந்து ஓட்டோவின் பின்சீற்றில் ஏறி இருந்துவிட்டார், தலையைச் சீவி, வெள்ளைச் சேர்ட்டும் போட்டு. சுதாகரன் இன்னும் அந்த நீலச் சாரத்தைத் திருப்பித் தரவில்லை. பசு அவனை விட மாட்டேன் என்கிறதாம். முதல் ஒழுங்கை திரும்பியதும் முத்துலிங்கம் மைக்கைப் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார், பெயர், ஊர், திருத்திய வயது, காலமாகவில்லை என்ற செய்தி. படலைகளில் சனம் வந்து நின்றது. மீண்டும் அறியத்தருகிறோம் என்று அவர் தொடங்கும்போது பின்னால் இருந்து ஒரு கை நீண்டு மைக்கை வாங்கியது.

"ஓம்," என்றார் நடராசா, இரண்டு குழாயாலும். "இருக்கிறன்."